இளம் தாய்மாருக்கு இளம் தாய்மாரே துணை: படுவான்கரையில தொடங்கலாமா?

வாவிக்கங்கால (இழையைத் தொடங்கியவர்)

எல்லாருக்கும் வணக்கம். நான் மட்டக்களப்பு வாவிக்கு மேற்கால, படுவான்கரையில வெல்லாவெளிப் பக்கம். மூத்தவன் நேசரி போறான், சின்னவள் தவழுறாள். நாங்க நாலைஞ்சு பேர் சேர்ந்து ஒரு வேலை யோசிச்சிருக்கம். தொடங்க முன்னம் உங்களிட்ட ஒருக்கா கேப்பம் எண்டு வந்தன்.

எங்கட ஊர்ல புள்ளைகளுக்கு நிறை பாக்கிற கிளினிக்குக்கு வாறதில கூடப் பேர் 18, 19, 21 வயசு அம்மாமார். அந்த வரிசையில கதைக்கிற கதைய நீங்க கேக்கணும். தையல் போட்ட இடம் இன்னும் நோகுது. கருத்தடை ஊசி போட்டதில இருந்து சுகயீனம் (மாதவிடாய்) வரல்ல, அந்த ரெத்தம் உள்ளுக்க கட்டியாகுமாம். பால் குடுக்கிற காலத்தில புள்ள தங்காதாம். அவர் கட்டார்ல இருந்து லீவுல வாறார், நான் என்ன செய்யிற? இவ்வளவும் வரிசையில வரும். மிட்வைஃப் (மருத்துவிச்சி) மிஸ்ஸிட மேசைக்குக் கிட்டப் போனதும் எல்லாற்ற வாயும் மூடிரும். ஏனெண்டா பக்கத்தில அம்மா நிக்கிறா.

வெளி மாவட்டத்து ஆக்களுக்கு இது விளங்காது. எங்கட பக்கம் கலியாணம் முடிஞ்சா மாப்பிள்ளதான் பொண்ணு வீட்டுக்கு வாற. வீடு வளவு பொம்பிளப் புள்ளைக்கு எழுதினது. ஆனபடியா ட்ரெய்னிங் குடுக்க வாற ஆக்கள் "மாமியாரை எப்படிச் சமாளிக்கிறது" எண்டு சாட் ஒட்டிப் படிப்பிச்சா எங்களுக்குச் சிரிப்பு வரும். இங்க பத்தியக் கறி காய்ச்சுறதும் பெத்த தாய், வேதுத் தண்ணி ஊத்துறதும் பெத்த தாய், 31ஆம் நாள் துடக்குக் கழிக்கும் வரைக்கும் அறைக்குள்ள ஆர் வரலாம் வரப்படா எண்டு சொல்லுறதும் பெத்த தாய். பாசம் இல்லாமலா? ஆனா புருசனோட படுக்கிற கதைய அம்மாவோட கதைக்கிற எப்படி? அம்மா வெளிநாட்டில எண்டா அந்த இடத்தில அம்மம்மா. இன்னும் மோசம்.

நாங்க யோசிச்சது இதுதான். புள்ள பெத்து ரெண்டு மூணு வருசமான, வாய் காக்கத் தெரிஞ்ச கொஞ்சப் பேர். புதுசா வயித்தில தங்கினவங்க, புதுசா பெத்தவங்க ஆளுக்கொருத்தரோட இவங்க பழகுற. வகுப்பு எடுக்கிற இல்ல. கூட இருக்கிற, கேக்கிற, தேவைப்பட்டாக் கிளினிக்குக்குக் கூடப் போற. இதுல நாங்க எங்க வழுக்கி விழுவம் எண்டு உங்களுக்குத் தெரிஞ்சதச் சொல்லுங்க.


பென்சன்_மிட்வைஃப்

மகள், நல்ல விசயம். ஆனா முதல்ல ஒரு பயத்தைச் சொல்லிடுறன். இந்த மாதிரிக் கூட்டுகள் மருந்து கை மாத்துற இடமாப் போயிரும். "எனக்கு நல்லா ஒத்துப்போன குளிசை, நீயும் குடி" எண்டு பாதிப் பட்டியக் கிழிச்சுக் குடுக்கிறதைக் கண்ணால கண்டிருக்கன். குடுத்தவள் பால் மறந்த புள்ளையின்ட தாய். வாங்கினவள்ட மடியில ரெண்டு மாசக் குழந்தை. சாதாரணக் கருத்தடைக் குளிசையில ரெண்டு வகை ஹோர்மோன் இருக்கு. பால் குடுக்கிற தாய்க்கு முதல் 6 மாசம் அதைத் தவிர்க்கச் சொல்லுறது. பால் குறையக்கூடும். புள்ள பெத்த கையோட காலில ரெத்தம் கட்டுபடுற ஆபத்தும் இருக்கு. இரத்த அழுத்தம் கூடினவங்களுக்கும், ஒரு பக்கத் தலையிடியோட கண்ணில மின்னல் தெரியிறவங்களுக்கும் அது சரிவராது. இதெல்லாம் கேட்டுப் பாத்துத்தான் கொடுக்கிறது.

வரிசையில கேட்ட கதைகளுக்கும் பதில் சொல்லிடுறன். மூணு மாத ஊசி போட்டு சுகயீனம் வராட்டி ரெத்தம் உள்ளுக்குக் கட்டுறதில்லை. கர்ப்பப்பையின்ட உள்பூச்சு மெல்லிசா இருக்கு, அதால கழிய ஒண்டும் இல்லை. அவ்வளவுதான். ஊசிய நிப்பாட்டினாப் பிறகு புள்ள தங்கச் சுணங்கும், கடைசி ஊசியில இருந்து 10 மாசம் போலவும் ஆகலாம். சுணக்கம் வேற, மலடு வேற. கெதியா அடுத்த புள்ள வேணும் எண்டு நினைக்கிறவங்க வேற முறை எடுக்கிறது நல்லம்.

பால் குடுத்தா தங்காது எண்டுறது பாதி உண்மை. மூண்டும் ஒண்டாச் சேரணும். குழந்தைக்கு 6 மாசம் ஆகேல்லை, தாய்க்கு சுகயீனம் திரும்பி வரேல்லை, ராப்பகலாத் தாய்ப்பால் மட்டும்தான், தண்ணியும் இல்லை மாவும் இல்லை. இதுல ஒண்டு பிசகினாலும் பாதுகாப்பு இல்லை. சுகயீனம் வாறதுக்கு இரண்டு கிழமை முன்னமே முட்டை வெளிய வந்திரும், ஆனபடியா "இன்னும் சுகயீனம் வரேல்லையே" எண்டு நம்பி இருக்கேக்க வயித்தில தங்கி நிண்ட புள்ளைகள் ஏராளம். தாய்ப்பால் குடுக்காத தாய்க்கு மூணு கிழமைக்குப் பிறகே தங்கலாம்.


கல்லடிப்_பொடிச்சி

எங்கட வீட்டில ரெண்டாவது தம்பி அப்பிடி வந்தவன்தான் 😄


கல்முனை_ராத்தா

அஸ்ஸலாமு அலைக்கும், வணக்கம். நாங்க இஞ்ச கல்முனைப் பக்கம் இத மாதிரி ஒண்டு செய்து வாறம். பேர் வைக்கல்ல, போர்டும் இல்ல. தையல் கிளாஸ் முடிய ஒரு மணித்தியாலம் இருந்து கதைக்கிற. "குடும்பக் கட்டுப்பாடு" எண்ட பேச்சோட தொடங்கினா எங்கட ஊர்ல கதவு சாத்திருவாங்க. அதுக்குக் காரணமும் இரிக்கி.

2018 பெப்ரவரி ஞாபகம் இரிக்கா? அம்பாறை டவுன்ல ஒரு முஸ்லிம் சாப்பாட்டுக் கடையில சாப்பாட்டுக்குள்ள ஆம்பிளைகள மலடாக்கிற மாத்திரை போட்டாங்க எண்டு கிளப்பி, கடைய உடைச்சு, பள்ளிவாசலயும் உடைச்சாங்க. பிறகு அரச பகுப்பாய்வுத் திணைக்களம் பாத்துச் சொன்னது அது வெறும் மாக்கட்டி எண்டு. சாப்பாட்டில கலந்து ஆள நிரந்தர மலடாக்கிற மாத்திரை எண்டு ஒண்டு உலகத்திலயே இல்ல. அடுத்த வருசம், 2019ல, ஆஸ்பத்திரியில தெரியாம கருத்தடை செய்யிறாங்க எண்டு இன்னொரு புரளி நாடு முழுக்க. இந்த ரெண்டுக்கும் பிறகு எங்கட பொம்பிளைகள் ஊசிக்குக் கூடப் பயந்தாங்க. ஒரு பக்கம் "இவங்க நம்மள மலடாக்கப் போறாங்க" எண்டு சிங்கள ஆக்கள்ட பயம், மற்றப் பக்கம் அதே பயம் எங்களுக்கு. மாட்டிக்கிட்டது ரெண்டு பக்கத்துப் பொம்பிளையும்.

அதால நாங்க புள்ளையில இருந்து தொடங்குவம். "புள்ளைக்கு ரெண்டு வயசு வரைக்கும் பால் குடுக்க ஆசையா? அப்ப அடுத்தது எப்ப?" உலக சுகாதார நிறுவனம் சொல்ற இடைவெளியும் அதுதானே, ஒரு புள்ள பொறந்து 24 மாசத்துக்குப் பிறகுதான் அடுத்ததுக்கு எத்தனிக்கிறது நல்லம் எண்டு. ரெண்டு வருசம் பாலூட்டுறதப் பத்திக் குர்ஆன்லயே இரிக்கி, ஆகவே உம்மாமாருக்கும் அது காதுல ஏறும். பெத்து நாப்பது நாள் முடியும் வரைக்கும் நாங்க ஒண்டும் கதைக்கிற இல்ல எண்டு மட்டும் நினைக்காதீங்க. நாப்பதுக்குள்ளதான் கூடக் கதைக்கணும். நாப்பத்தோராம் நாள் மாப்புள்ள வந்து நிக்கிற நேரம் கதைச்சு என்ன செய்யிற?


வயல்காரன்

நான் ஆம்பிள, இங்க எழுதலாமோ தெரியாது. எல்லாரும் அம்மாவப் பத்தி, மிஸ்ஸப் பத்திக் கதைக்கிறீங்க. புருசன்மார் எங்க? எங்களையும் கூப்பிடுங்க. எங்களுக்கு ஆரும் ஒண்டும் சொல்லித் தாறேல்ல. ஸ்கூல்ல அந்தப் பாடம் வந்தா சேர் பக்கத்தைத் தள்ளிட்டு "வீட்டில வாசிங்க" எண்டுவார்.


வாவிக்கங்கால

எழுதுங்க அண்ணே. ஆனா அதே கூட்டத்தில வேணாம். நீங்க வந்து இருந்தா ஒருத்தியும் வாய் திறக்க மாட்டாள். ஆம்பிளைகளுக்கு வேறயா ஒண்டு நீங்களே தொடங்குங்களன்.


பென்சன்_மிட்வைஃப்

தம்பி கேட்டதால வெளிநாட்டு லீவுக் கதைய இதுல சொல்லிடுறன், மகள் முதல்லயே தொட்டுட்டா. அவர் இல்லாத காலத்தில எதுக்கு ஊசி எண்டு விட்டிருப்பாங்க. அவர் டிக்கெட் போட்டாப் பிறகுதான் ஞாபகம் வரும். ஊசியை சுகயீனம் வந்து 7 நாளுக்குள்ள போட்டா உடனே பாதுகாப்பு. மற்ற நாளில போட்டா இன்னொரு 7 நாள் காக்கணும், கர்ப்பம் இல்லை எண்டும் உறுதிப்படுத்தணும். ஆனபடியா லீவு எண்டு தெரிஞ்சதும் அந்த மாசக் கிளினிக்கிலயே கேளுங்க. கொன்டம் கிளினிக்கிலயும் கிடைக்கும், பார்மசியிலும் வாங்கலாம்.

பிசகிப் போச்செண்டா அவசரக் கருத்தடைக் குளிசை இருக்கு, உறவு கொண்டு 72 மணித்தியாலத்துக்குள்ள, எவ்வளவுக்கு வெள்ளன எடுக்கிறமோ அவ்வளவுக்கு நல்லம். அது ஏற்கனவே தங்கின கருவைக் கலைக்காது. மாசத்துக்கு மாசம் அதையே எடுக்கிறது முறை இல்லை.


பெயர்_வேண்டாம்

நான் இந்த இழைய ஒரு கிழமையா வாசிக்கிறன். எனக்கு 20. புள்ளைக்கு 8 மாசம்.

இது நடந்த நேரம் எனக்குப் புள்ள கிடைச்சு ஒரு மாசம்தான். அவர் கேக்கிறார். கோவத்தில இல்ல, கெஞ்சித்தான். எனக்குத் தையல் இழுக்குது, ஒண்டுக்குப் போனா எரியுது. வேணாம் எண்டு சொல்லலாமா எண்டே எனக்குத் தெரியாது. அம்மா "புருசன்ட முகம் கோணாம நடந்துக்க" எண்டுதான் சொல்லுவா, வேற ஒண்டும் இல்ல.

பக்கத்து வளவு அக்கா ஒராள் வெங்காயம் உரிக்க உதவி எண்டு குசினிப் படியில வந்து இருந்தா. என்ட முகத்தைப் பாக்கவே இல்ல. உரிச்சுக்கொண்டே "தையல் இன்னும் இழுக்குதா கா?" எண்டு கேட்டா. அவ்வளவுதான், நான் அழுதிட்டன். அவ எனக்கு ஒண்டும் படிப்பிக்கேல்ல. "எனக்கும் மூணு மாசம் இழுத்திச்சு. நாளைக்கு மிஸ் வாற நாள், நான் அம்மாவக் கூட்டிட்டுக் கடைக்குப் போறன், நீ தனியா இருந்து சொல்லு" எண்டா. சொன்ன மாதிரியே செய்தா. மிஸ் பாத்துட்டு தையல்ல ஒரு இடம் பழுத்திருக்கு எண்டு ஆஸ்பத்திரிக்கு அனுப்பினா. மருந்து குடிச்சு ஆறிச்சு.

நீங்க தொடங்குற கூட்டு அந்த அக்கா மாதிரி இருந்தாப் போதும். சாட் பேப்பர் வேணாம்.


வாவிக்கங்கால

தங்கச்சி, எழுதினதுக்கு நன்றி. அம்மாவக் கடைக்குக் கூட்டிட்டுப் போற வேலை எங்கட பட்டியல்ல இருக்கேல்ல. இப்ப சேர்த்தாச்சு.


பென்சன்_மிட்வைஃப்

பிள்ளைகள், இதை எல்லாரும் கவனிங்க. பெத்து ஒரு மாசம் போக நோவு குறையத்தான் வேணும். கூடிக்கொண்டு போனா, காய்ச்சல் வந்தா, கெட்ட மணத்தோட போனா, ஒரு மணித்தியாலத்தில ஒரு பேட் நனையிற அளவுக்கு ரெத்தம் போனா, ஒரு கால் மட்டும் வீங்கி நொந்தா, கடும் தலையிடியோட கண் மங்கினா, மூச்சு எடுக்கக் கஷ்டமா இருந்தா, அது கூட்டில கதைக்கிற விசயம் இல்லை. 1990 அம்புலன்சுக்கு அடிச்சு ஆஸ்பத்திரி. பிரசர் பெத்தாப் பிறகும் ஏறலாம், "புள்ளதான் கிடைச்சிட்டே" எண்டு விட்டிரக் கூடாது.

தையல் ஆறின பிறகும் சில பேருக்கு உறவு நோகும். பால் குடுக்கிற காலத்தில ஈஸ்ட்ரஜன் எண்ட ஹோர்மோன் குறைவு, அதால உலர்வா இருக்கும். அது அவளுக்கு விருப்பம் இல்லை எண்டதும் இல்லை, நோயும் இல்லை. பார்மசியில தண்ணித் தன்மையான ஜெல் விக்கிறாங்க. எங்கட ஆக்கள் தேங்காயெண்ணெய் பூசுவாங்க. கொன்டம் பாவிக்கிறதெண்டா தேங்காயெண்ணெய் கூடவே கூடாது, எண்ணெய் பட்டா றப்பர் பிஞ்சிரும். இதை நீங்க கட்டாயம் சொல்லிக் குடுக்கலாம், இதுக்கு டொக்டர் தேவையில்லை.

வேணாம் எண்டு சொல்லலாமா எண்டு அந்தப் பிள்ளை கேட்டது. சொல்லலாம், மகள். எப்பவும்.


ஓய்வுபெற்ற_ஆசிரியை

நான் திருக்கோவில் பக்கம். எல்லாம் வாசித்தேன். நல்ல நோக்கம்தான், மறுக்கவில்லை. ஆனால் நீங்கள் யாரும் தொடாத ஒன்றை நான் தொடுகிறேன். உங்கள் கூட்டுக்கு 15 வயதுப் பிள்ளை வயிற்றோடு வந்தால் என்ன செய்வீர்கள்? 17 வயதுப் பிள்ளை ஒருவனோடு போய்ச் சேர்ந்து வாழ்கிறாள் என்றால்?

பொதுச் சட்டத்தின் கீழ் திருமண வயது 18. 1951ஆம் ஆண்டின் முஸ்லிம் விவாக விவாகரத்துச் சட்டத்தில் குறைந்தபட்ச வயதென்று ஒன்று விதிக்கப்படவில்லை, அதைத் திருத்த வேண்டும் என்று முஸ்லிம் பெண்களே பல காலமாகப் போராடி வருகிறார்கள். அது ஒரு புறம். 1995ஆம் ஆண்டுத் திருத்தத்தின் பின் 16 வயதுக்குக் குறைந்த பிள்ளை "நான் விரும்பித்தான்" என்று சொன்னாலும் சட்டம் அதைச் சம்மதமாக எடுக்காது. ஆஸ்பத்திரிக்குப் போனால் பொலிசுக்கு அறிவிப்பார்கள். உங்கள் துணைப்பெண்கள் "யாருக்கும் சொல்லமாட்டேன்" என்று கையில் அடித்துச் சத்தியம் பண்ணிவிட்டு, பிறகு அந்தச் சத்தியத்தை எங்கே வைப்பார்கள்?


வாவிக்கங்கால

டீச்சர், இதுக்குத்தான் நான் இந்த இழையையே தொடங்கினன். எங்களுக்குள்ளேயே இதுல ரெண்டு கட்சி. ஒரு கட்சி: எந்தக் கதையும் வெளிய போகப்படா, போனா அடுத்த நாள் ஒருத்தியும் வரமாட்டாள். மற்றக் கட்சி: 15 வயசுப் புள்ளைய மறைச்சு வச்சு நாளைக்கு அவளுக்கு ஒண்டு நடந்தா ஊர் எங்களத்தான் கேக்கும்.


கல்முனை_ராத்தா

நாங்க சத்தியம் பண்ணுற இல்ல. முதல் நாளே சொல்லிடுவம்: "நீ சொல்றது எங்கிட்டதான் இரிக்கும், உன்ட உசிருக்கு ஆபத்தெண்டா, இல்லாட்டி நீ சின்னப் புள்ளையா இருந்து ஒருத்தன் உன்னக் கெடுத்திருந்தா அப்ப மட்டும் இல்ல. அந்த நேரமும் உனக்குத் தெரியாமச் செய்ய மாட்டன். உன்னக் கூட்டிட்டுத்தான் போவன்." இத முதல்லயே சொன்னா ஒரு சிலர் சொல்லாமப் போறாங்கதான். ஆனா சொன்னவங்க பிறகு எங்கள நம்பினாங்க. சத்தியம் பண்ணிப்போட்டு உடைக்கிற கூட்டு ஒரு மாசம் தாங்காது.


பென்சன்_மிட்வைஃப்

ராத்தா சொன்னது சரி. அதோட நான் வேலை செய்த காலத்தில கண்ட இன்னொண்டு. 17 வயசில சேர்ந்து வாழுற பிள்ளைகள் பொலிசுக்குப் பயந்து மிட்வைஃபுக்கு ஒளிக்கிறாங்க. வயிறு தெரிஞ்சாப் பிறகுதான் கொப்பி போட (கர்ப்பத்தைப் பதிய) வருவாங்க, அஞ்சு மாசம், ஆறு மாசம். போலிக் அசிட் இல்லை, ஹீமோகுளோபின் பாத்ததில்லை, பிரசர் பாத்ததில்லை. நாங்க 8 கிழமைக்கு முன்னம் பதியச் சொல்லுறது சும்மா இல்லை. பதின்ம வயசுத் தாய்மாருக்கு வலிப்பும் தொற்றும் வாற ஆபத்துக் கூட. அந்தப் பயத்தில காலம் போறதுதான் சட்டத்தை விடப் பெரிய கேடு.

கர்ப்பிணிக் கொப்பி போட கலியாணச் சேட்டிபிக்கட் தேவையில்லை. இதை ஊருக்கு ஊர் போய்ச் சொல்லுங்க. கட்டினவளோ கட்டாதவளோ, கர்ப்பிணி எண்டா பதிவு. முதல் கிளினிக்கிலயே எச்.ஐ.வி.யும் சிபிலிசும் சோதிப்பாங்க. தாயில இருந்து பிள்ளைக்கு அந்த ரெண்டும் போறதை இல்லாமலாக்கின நாடு எண்டு 2019ல உலக சுகாதார நிறுவனம் இலங்கைக்குச் சான்றிதழ் குடுத்ததே அப்பிடி ஒருத்தரும் விடுபடாமச் சோதிச்சபடியாத்தான்.


ஓய்வுபெற்ற_ஆசிரியை

ஏற்றுக்கொள்கிறேன். ஆனால் 16க்குக் குறைந்த பிள்ளை விடயத்தில் துணைப்பெண் தனியாக முடிவெடுக்கக் கூடாது. பிரதேச செயலகத்தில் சிறுவர் உரிமை உத்தியோகத்தர் இருக்கிறார், சிறுவர் உதவித் தொலைபேசி 1929 இருக்கிறது, அதில் தமிழில் பேசலாம். அந்தப் பாரத்தை 22 வயதுத் தாயின் தலையில் ஏற்றாதீர்கள்.


வாவிக்கங்கால

அது நியாயம் டீச்சர். கூட்டுக்குள்ள ஒரு மூத்த ஆளை வைக்கிறம், அப்பிடியான விசயம் அவவிட்டதான் போகும். அந்த மூத்த ஆள் ஊர்க்காரியா இருக்கப்படா, சொந்தம் பந்தம் கலந்திரும். எங்கட ஊர்ல குடிக்குக் குடி (தாய்வழிக் குலம்) எல்லாரும் மச்சாள்தான்.


கல்லடிப்_பொடிச்சி

இவ்வளவுக்கும் வட்ஸப் குரூப் ஒண்டு போட்டா லேசா முடியுமே? நான் அட்மினா இருக்கன்.


பெயர்_வேண்டாம்

வேணாம் அக்கா. என்ட போனை அவர் பாப்பார். அவர்ட போனை மாமி பாப்பா.


கல்முனை_ராத்தா

எங்கட கூட்டத்து ஒரு புள்ளைக்கு நடந்த கதை: வொய்ஸ் வந்திரிக்கி, இவ பாக்க முன்னம் மூணு வயசுப் பொடியன் போனை எடுத்து ஹோல் நடுவில போட்டு விட்டுட்டான். வாப்பா, காக்காமார், பக்கத்து வீட்டு ஆலிம்சா எல்லாரும் லூப் (கர்ப்பப்பைக்குள்ள வைக்கிற கருத்தடை) எப்பிடி வைக்கிற எண்டு வடிவாக் கேட்டாங்க. இப்ப சிரிக்கிறம். அண்டைக்கு அந்தப் புள்ள சிரிக்கல்ல.

நாங்க போனை நேரம் சொல்ல மட்டும்தான் எடுக்கிற. "நாளைக்குத் தையல் இரிக்கி" எண்டா போதும்.


கல்லடிப்_பொடிச்சி

😂😂 சரி, என்ட அட்மின் பதவிய ராஜினாமாச் செய்யிறன்.


சட்டம்_படிக்கிறவள்

மட்டக்களப்பில இருந்து. ஒரு விசயம் மட்டும். அடி உதை, பலாத்காரம் எண்டு கதை வரும், வராம இருக்காது. இலங்கையில சேர்ந்து வாழுற மனைவியோட அவளுக்கு விருப்பம் இல்லாம உறவு கொண்டா தண்டனைச் சட்டக் கோவையில அது பாலியல் வல்லுறவுக் குற்றமா வராது, நீதிமன்றம் பிரிச்சு வச்சிருந்தா மட்டும்தான் வரும். ஆனா 2005ஆம் ஆண்டு வீட்டு வன்முறைத் தடுப்புச் சட்டத்தில நீதவான் நீதிமன்றத்தில பாதுகாப்புக் கட்டளை கேக்கலாம். அதனால "சட்டத்தில ஒண்டும் இல்ல" எண்டு சொல்லி அனுப்பிடாதீங்க. பெரிய அரசாங்க ஆஸ்பத்திரிகளில நட்பு நிலையம் எண்டு ஒரு அறை இருக்கு, சிங்களத்தில மித்துரு பியச எண்டு போட்டிருக்கும். பொலிசுக்குப் போகாமலே அங்க போய்க் கதைக்கலாம். பெண்களுக்கான உதவித் தொலைபேசி 1938.

துணைப்பெண் ஒருத்தி தானே போய்ப் புருசனோட சண்டைக்கு நிக்கப்படா. அதால ரெண்டு வீடு உடையும்.


நெறியாளர்

ஒரு தனியார் கிளினிக்கின் பெயரும் இலக்கமும் போட்ட பதிவொன்றை நீக்கியிருக்கிறேன். "மாதம் தள்ளிப்போனால் அழைக்கவும்" என்று விளம்பரம் போட இது இடமில்லை.


பென்சன்_மிட்வைஃப்

நீக்கினது நல்லம். தாயின்ட உயிரைக் காப்பாத்த மட்டும்தான் இங்க கருக்கலைப்புக்குச் சட்டத்தில இடம், 1883ஆம் ஆண்டுச் சட்டம் இண்டைக்கும் அப்பிடியே இருக்கு. அதால மறைவிடம் தேடிப் போறாங்க, தெரியாத ஆளிட்ட குளிசை வாங்கிப் போடுறாங்க. துணைக்குப் போற பிள்ளைகள் ஒண்டை மனசில வையுங்க: எப்படி ஆனதெண்டாலும், ரெத்தம் நிக்காமப் போனா, காய்ச்சல் வந்தா உடனே அரசாங்க ஆஸ்பத்திரி. வைத்தியம் செய்யிறது அவங்கட கடமை. பயத்தில வீட்டில படுத்துத்தான் சாகிறாங்க.


வயல்காரன்

ஏன் ஆரும் மனசைப் பத்திக் கதைக்கேல்ல? என்ட மனிசி மூத்த புள்ள கிடைச்ச நேரம் ரெண்டு மாசம் சுவரைப் பாத்துக்கொண்டு இருந்தா. "பேய் புடிச்சிட்டு" எண்டு நூல் கட்டினாங்க. நானும் கூட்டிட்டுப் போனன்தான்.


பென்சன்_மிட்வைஃப்

தம்பி, பத்துக் கேள்வி உள்ள ஒரு தாள் இருக்கு, பெத்த தாய்மாரிட்ட கேக்கிறது. சிரிக்க முடியுதா, காரணமில்லாமப் பயம் வருதா, தன்னைத்தானே ஏதும் செய்துகொள்ள நினைப்பு வருதா எண்டு. அந்தக் கடைசிக் கேள்விக்கு "ஓம்" எண்டு சொன்னா அண்டைக்கே வைத்தியரிட்ட. 1926க்கும் எடுக்கலாம், தேசிய மனநல நிறுவகத்தின்ட இலக்கம். நூல் கட்டுறதை நான் தடுக்கேல்லை. கட்டிப்போட்டு ஆஸ்பத்திரிக்கும் கூட்டிட்டுப் போங்க.


வாவிக்கங்கால

எல்லாருக்கும் நன்றி. நாங்க நேற்று இருந்து கதைச்சம். மருந்து கை மாத்துறதில்ல. சத்தியம் பண்ணுறதில்ல, முதல் நாளே எதை மறைக்க ஏலாது எண்டு சொல்லுறம். வட்ஸப் இல்ல. பகுதி மிட்வைஃப் மிஸ்ஸிட்டயும் போய்ச் சொன்னம். "எனக்குத் தெரியாம நீங்க ஒண்டு நடத்திப்போட்டு நாளைக்கு எனக்கு வரப்படா" எண்டு முதல்ல முகம் சுழிச்சா. பிறகு, பெத்து முதல் பத்து நாளுக்குள்ள வீடுகளுக்கு வாற நேரம் எங்கட ஆளையும் கூட்டிட்டுப் போறன் எண்டு அவவே சொன்னா. கூட்டம் எண்டு ஆக்களைக் கூப்பிடுறதும் இல்ல. சந்தையில மாடு பாக்கிற மாதிரி வரிசையில நிப்பாட்டினா ஆர் வருவாள்? ரெண்டு ரெண்டு பேராத்தான்.

இப்ப பிரச்சின காசு. மண்டூரில இருந்து ஆஸ்பத்திரிக்குக் களுவாஞ்சிகுடி போகணும். குருமண்வெளிப் பாதையில (வாவியைக் கடக்கிற படகு) ஏறினா கிட்ட, பாதை ஓடாத நேரம் பட்டிருப்புப் பாலத்தால சுத்தணும். கூடப் போறவளுக்கும் சேத்து ஓட்டோக் காசு ஆர் குடுக்கிற? சம்பளம் குடுக்க எங்களிட்ட இல்ல. சும்மா வா எண்டு கேக்கவும் ஏலாது, அவளும் புள்ளையோடதான் இருக்கிறாள். வேளாண்மை வெட்டுக் காலத்தில ஒரு நாள் கூலி போனா அந்தக் கிழமை அரிசி போச்சு.


கல்முனை_ராத்தா

நாங்க மரணச் சங்கத்தில கேட்டு ஒரு சின்னக் காசு வாங்கினம், "தாய்மார் ஆஸ்பத்திரிப் பயணம்" எண்டு எழுதி. மௌத்துக்கு வச்ச காசு பொறப்புக்குப் போகுது எண்டு ஒராள் பகிடி விட்டார், ஆனா குடுத்தாங்க. உங்கட பக்கம் கோயில் சபையிலோ மாதர் சங்கத்திலோ கேட்டுப் பாருங்க. காரணம் முழுக்கச் சொல்லத் தேவையில்ல, பயணம் எண்டாப் போதும்.


வயல்காரன்

நாங்க நாலு பேர் ஓட்டோ வச்சிருக்கம். எண்ணெய்க் காசு தந்தாப் போதும். ஆர் ஏறினது, எங்க இறங்கினது எண்டு கதைக்க மாட்டம். அந்த ஆம்பிளக் கூட்டத்துக்கு இதுதான் முதல் வேலை.


புதுவரவு_ஆரையம்பதி

இடையில வாறதுக்கு மன்னிக்கோணும். அடுத்த கிழமை எனக்குக் கையில கருத்தடைக் குச்சி வைக்கிறாங்க. நான் கல்லுச் சுமக்கிற, கொங்கிறீட் வேலைக்குப் போற. வச்சாப் பிறகு பாரம் தூக்கலாமா? குச்சி நகர்ந்து நெஞ்சுக்குப் போயிரும் எண்டு சொல்லுறாங்க.


பென்சன்_மிட்வைஃப்

நெஞ்சுக்குப் போறதெல்லாம் வழமையில நடக்காது மகள். தோலுக்குக் கீழ, தொட்டாத் தெரியிற இடத்தில வைக்கிறது. எப்பவும் தடவிப் பாக்கலாம், ஒரு நாள் கையில தட்டுப்படாட்டிக் கிளினிக்குக்கு வந்து காட்டு. நீ வலக்கைக்காரி எண்டா இடக்கையில வைப்பாங்க. கட்டுத் துணியை மூணு நாலு நாள் நனைக்காத, அந்தக் கையால அந்த நாளில பாரம் தூக்காத. கொஞ்சம் நீலம் பாயும், அது போயிரும். பிறகு கல்லும் சுமக்கலாம், புள்ளையும் சுமக்கலாம். முதல் மாசங்களில சுகயீனம் ஒழுங்கில்லாமச் சொட்டுச் சொட்டா வரும், அதைப் பாத்திட்டு "எடுத்து விடுங்க" எண்டு ஓடி வராத, முதல்ல வந்து கேள். ஆர் கூட வாற?


புதுவரவு_ஆரையம்பதி

ஒருத்தரும் இல்ல மிஸ்.


பெயர்_வேண்டாம்

அக்கா, நான் வாறன். எந்த நாள் எண்டு மட்டும் உள்பெட்டியில போடுங்க.